"குழு முயற்சி"ன்னா யாருய்யா அந்தக் குழு?

பட்டறையில், கதைப் புத்தகத்துக்குக் கூட்டாகப் படம் வரைவதைப் பற்றிப் பேச 20 நிமிடம் தருகிறார்கள். வருகிறவர் 60 ஸ்லைடோடு வருகிறார். அறுபதும் அச்சாகி வந்த படங்கள்! கீழே உட்கார்ந்திருப்பவர்கள் இல்லஸ்ட்ரேஷன் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள். அழகான படம் பார்க்கவா பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்? கோடு யாருடையது, வண்ணம் யாருடையது, கதை எழுதியவர் எதை வேண்டாம் என்றார், வரைந்தவர் எதை விட்டுக்கொடுத்தார், இதைச் சொல்லுங்கள். கடைசி ஸ்லைடில் "குழு முயற்சி" என்று போட்டுக் கும்பிடு போட்டால் ஆச்சா?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கும் அக்பர்நாமா (அக்பர் ஆட்சியின் வரலாற்று நூல்) ஓவியங்கள் 1590 வாக்கில் வரைந்தவை. படத்துக்குக் கீழே ஓரத்தில் அமைப்பு இன்னார், வண்ணம் இன்னார் என்று குறித்திருக்கிறது. சிலவற்றில் முகம் தீட்டியவர் பெயர்கூடத் தனியாக உண்டு. நானூறு வருஷம் கழித்து, கணினியில் படத்தை அடுக்கடுக்காக லேயர்களில் வரைந்து, லேயருக்கு லேயர் பெயர் வைக்க வசதி இருந்தும், நம் கோப்பில் 'லேயர் 14 காப்பி'!

புத்தகத்தில் ஒரே ஒரு விரிபக்கம் (எதிரெதிர் இரண்டு பக்கம்) போதும். தம்ப்நெயில் (கட்டைவிரல் அளவுக் கிறுக்கல்), முதல் ரஃப் (பென்சில் வரைவு), அதன்மேல் எழுத்தாளர் கிறுக்கிய குறிப்பு, திருத்திய ரஃப், கோடு, வண்ணம். ஆறு ஸ்லைடு, ஸ்லைடுக்கு 2 நிமிடம். மிச்சம் 8 நிமிடம் கேள்விக்கு. ஆனால் ரஃப் இருந்தால்தானே! வேலை முடிந்ததும் தாள் குப்பைக்கு, லேயரெல்லாம் ஒன்றாக அமுக்கி சேவ். அமுக்குவதற்கு முன் ஒரு காப்பி எடுக்க என்ன கேடு?

அடுத்தது புரொஜெக்டர். ஏ3 அளவை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அப்படியே சுருக்காத டிஃப் படக் கோப்பாக வைத்தால் ஒரு படமே சுமார் 50 எம்பி. கணினி முக்கும். 1,920 பிக்சல் அகலம் தாராளம். அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறக் கோப்பைத் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றாமல் போட்டால் நிறம் கோணல்மாணலாகத் தெரியும். வெளிறிய கோடு விழும் 2எச் பென்சில் ரஃப்பை மென்பொருளின் லெவல்ஸ் கருவியில் கருக்காமல் கொண்டுவந்தால், திரையில் வெள்ளைத் தாள்தான்.

இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். அந்தத் தாள் மடிப்பு விளையாட்டு இருக்கிறதே! வரைந்ததை மடித்து மறைத்து அடுத்தவரிடம் கொடுப்பது; ஒருவர் தலை, ஒருவர் உடம்பு, ஒருவர் கால். 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் (கனவுபோல் எழுதி வரைந்த கலைஞர்கள்) விளையாடியது. கோட்டை மடிப்புக்கு அந்தப் பக்கம் 5 மில்லிமீட்டர் நீட்டச் சொல்ல மறந்துவிடுவார்கள். கழுத்து ஒருபக்கம், தோள் ஒருபக்கம். சிரிப்பு, கைதட்டல், டீ. அடுத்தவர் வரைந்ததையே பார்க்காமல் வரைவது எப்படிங்க கூட்டு வேலை? அதில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவே இல்லையே.

அதற்குப் பதில் உங்கள் ரஃப்பைப் பக்கத்து ஆளிடம் கொடுங்கள். அவர் ஒரே ஒரு விஷயத்தை அழிக்கட்டும், ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். அழித்ததை மறுபடி வரையாமல் நீங்கள் படத்தை முடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் ஹாலே சண்டைக்காடாகிவிடும், பேச வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைக்கும். தயவுசெய்து ஆளுக்கொரு ரப்பர் வாங்கி வையுங்கள். கலர் பென்சில் டப்பா டப்பாவாக வருகிறது, ரப்பர் மட்டும் ஹாலுக்கே இரண்டு.