கூந்தன்குளத்தை ஜனவரியோடு முடித்துவிடாதீர்கள்

திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு டிசம்பர், ஜனவரியில் போனால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வரித்தலை வாத்துகளுக்கு அது சரி. இமயமலையைத் தாண்டி வரும் அவை, பகலில் குளத்தில் ஓய்வெடுத்து இருட்டிய பின் வயல்களில் மேயும். தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரியும் அளவுக்குத் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். ஆனால் மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சுகளைப் பார்க்க ஏப்ரலில் போக வேண்டும். ஊருக்குள், வீட்டு வாசல் மரங்களிலேயே கூடுகள். உச்சிவெயிலில் தாய் நாரை அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றியதை அண்ணாந்து பார்த்து நின்றேன். கழுத்து வலித்ததுகூடத் தெரியவில்லை. தீபாவளிக்கு வெடி போடாமல், கூரையெல்லாம் எச்சமானாலும் முகம் சுளிக்காமல் காப்பவர்கள் அந்த ஊர் மக்கள். 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான். சென்ற முறை ஒருவர், பறக்கும் படம் வேண்டுமென்று வாத்துக் கூட்டத்தின் மீது கல்லெறிந்தார். மனம் பதறிவிட்டது. இரவெல்லாம் மேய்ந்துவிட்டு வந்த பறவைகள் ஐயா அவை! படமெடுப்பவர்கள் தயவுசெய்து கரையிலேயே காத்திருங்கள். அந்தி சாயும்போது அவையே கூட்டமாக எழும்பும்.