நீத்துப்பெட்டி 350 ரூபா, அனுப்பும் கூலி 400 ரூபா

போன கிழமை ஹட்டனில் இருந்து ஒரு ஆசிரியை இன்பொக்ஸில் வந்தார். "அக்கா, நீத்துப்பெட்டி ஒன்று வேண்டும், எவ்வளவு?" என்று கேட்டார். பிட்டு அவிக்கிற பனையோலைக் கூம்புதான் அது. 350 ரூபா என்றேன். அனுப்புகிற செலவு எவ்வளவு என்று கேட்டார். கூரியரில் 400 ரூபா வரும் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "சரி அக்கா, பிறகு பார்க்கிறேன்" என்று மட்டும் வந்தது.

அவரில் ஒரு பிழையும் இல்லை. சாமானை விடக் கூலி கூட என்றால் நானும் வாங்க மாட்டேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. இந்த வருடம் மட்டும் இப்படி "பிறகு பார்க்கிறேன்" என்று போனவர்கள் எத்தனை பேர் என்று மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணி முடிக்க மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன் அறைதான் என் கடை. மூதூர்ப் பக்கம் மூன்று அம்மாக்கள் பனையோலையில் பின்னித் தருகிறார்கள். நீத்துப்பெட்டி, சுளகு, மூடல்பெட்டி, சின்னக் கொட்டைப்பெட்டி என்று எல்லாம் வரும். நான் படம் எடுத்துப் போடுகிறேன், ஆர்டர் எடுக்கிறேன், கட்டி அனுப்புகிறேன். ஒரு நீத்துப்பெட்டியில் எனக்கு நிற்பது 60 ரூபா. அம்மாக்களின் கூலியைக் குறைக்கச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஓலையைக் காய வைத்து, வார்ந்து, சாயம் போட்டுப் பின்னி முடிக்கிற வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

தபால் கட்டணம் கூடியதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கடிதத்தைத்தான் நினைக்கிறார்கள். 2018இல் சாதாரண கடிதத்துக்குக் குறைந்த முத்திரை 10 ரூபாவில் இருந்து 15 ஆனது. 2022 ஆகஸ்ட் 15ஆம் திகதி அது ஒரேயடியாக 50 ரூபா ஆனது, மூன்று மடங்குக்கும் மேல். "இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்" என்று பலர் அதைக் கடந்து போனார்கள். ஆனால் அந்த நாட்களில் தோடு, கைவேலை புக்மார்க், விதைப் பைக்கற் போன்ற சின்னச் சாமான்களைக் கடித உறையில் வைத்து அனுப்பிய பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். 150 ரூபாத் தோட்டுக்கு 15 ரூபா முத்திரை என்றால் அது வியாபாரம். அதே தோட்டுக்கு 50 ரூபா என்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கு முத்திரைக்கே போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார். நல்ல கைவண்ணம் உள்ள பிள்ளை.

கட்டணம் ஏறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாவுக்கு விற்றதை நாங்கள் வரிசையில் நின்று பார்த்தவர்கள். லொறி ஓட வேண்டும், தபால்காரருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், தபால் திணைக்களமோ பல வருடங்களாக நட்டத்தில் ஓடுகிறது. அது எனக்கு விளங்குகிறது. என் மனக்குறை வேறு. கட்டணம் ஏறும்போதெல்லாம் அடி விழுவது அடிப்படைத் தொகையில். முதல் கிலோவுக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு என்பதுதான் கூரியர்களின் கணக்கு. அந்த முதல் கிலோவின் விலை ஏறினால், 20,000 ரூபாச் சேலை விற்பவருக்கு அனுப்பும் செலவு நூற்றுக்கு இரண்டு ரூபா. அவர் "டெலிவரி இலவசம்" என்று போட்டுவிட்டு அதைத் தன் இலாபத்துக்குள் விழுங்கிவிடலாம். 350 ரூபா நீத்துப்பெட்டி விற்கிற நான் எதற்குள் விழுங்குவது? சாமான் எவ்வளவு மலிவோ அவ்வளவுக்குக் கூலி பாரமாகிறது. வீட்டில் இருந்து கையால் செய்து விற்கிற பெண்கள் பெரும்பாலும் விற்பது மலிவான சாமான்தான்.

பனையோலைக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. ஓலைக்குப் பாரம் இல்லை, ஆனால் இடம் பிடிக்கும். கூரியர்காரர்கள் பாசலின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிக்கிறார்கள். வருகிற எண்ணும் தராசு காட்டுகிற எண்ணும் வேறாக இருந்தால், எது பெரிதோ அதற்குத்தான் காசு. 30க்கு 30, உயரம் 20 என்று ஒரு மூடல்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 18,000, பிரித்தால் 3.6. அதை 4 கிலோ என்று எழுதுகிறார்கள். தராசில் வைத்தால் அந்தப் பெட்டி 400 கிராம்கூட வராது. காற்றுக்குக் காசு கட்டுகிற மாதிரி என்று முதல் தடவை பில்லைப் பார்த்தபோது அழுகை வந்தது. லொறியில் இடம்தான் விலை, அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை முதலிலேயே ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று மாதம் நட்டப்பட்டுத்தான் படித்தேன்.

படித்த பிறகு சில வேலைகள் செய்தேன். நீத்துப்பெட்டி கூம்பு மாதிரி இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகலாம். மூன்றைச் செருகிக் கட்டினால் ஒன்றின் இடத்தை விடக் கொஞ்சம்தான் கூட. அதனால்தான் என் பக்கத்தில் "மூன்று எடுத்தால்" என்று ஒரு விலை இருக்கிறது. அது ஆட்களைக் கூடுதலாக வாங்க வைக்கிற தந்திரம் என்று ஒருவர் கொமென்ட் போட்டிருந்தார். இல்லை ஐயா, ஒரே கூலியை மூன்றாகப் பங்கு போடுகிறேன், அவ்வளவுதான். மூடல்பெட்டிகளையும் அளவு அளவாகப் பின்னச் சொல்லி, பெரியதற்குள் சின்னதை வைத்து அனுப்புகிறேன். சுளகை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. அதை மடிக்கவும் ஏலாது, செருகவும் ஏலாது. கொழும்புக்கு என்றால் இரவு பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, வாங்குபவரை பஸ் நிலையத்துக்கு வரச் சொல்கிறேன்.

கூரியர் இப்படி இடத்துக்குக் காசு கேட்பதால், பெரிய பெட்டிகளுக்கு நான் திரும்பவும் தபால் கந்தோருக்கே போகத் தொடங்கியிருக்கிறேன். நான் போகும் கவுண்டரில் தராசு காட்டுகிற நிறையைத்தான் பார்க்கிறார்கள். சரி, நாட்கள் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஆனால் தபால் போகிற இடத்துக்கெல்லாம் கூரியர் போவதில்லை. வெருகல் பக்கம் ஒரு வாடிக்கையாளருக்குக் கூரியரில் அனுப்பியபோது, "எங்கள் பையன் அவ்வளவு தூரம் வர மாட்டான், மூதூர் டவுனுக்கு வந்து எடுங்கள்" என்று அவருக்குப் போன் போயிருக்கிறது. தபால்காரர் அப்படிச் சொல்வதில்லை. இந்த நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உப தபால் கந்தோர்கள் இருக்கின்றன. தோட்டத்திலும் தீவிலும் காட்டோரத்திலும் இருக்கின்றன.

எங்கள் ஊருக்கும் தபாலுக்கும் பழைய உறவு. 1798இல் கரையோரத்தில் முதல் ஐந்து தபால் கந்தோர்கள் திறந்தபோது கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், மன்னாரோடு திருகோணமலையும் ஒன்று. அது துறைமுகத்துக்காகவும் கோட்டைக்காகவும் வந்தது. பிறகு 1840இல் இங்கிலாந்தில் தூரம் பார்க்காமல் நிறைக்கு மட்டும் ஒரே விலை என்ற முறை வந்து, உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஒரே விலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு முத்திரையை ஒட்டினால் அடுத்த தெருவுக்கும் அதே காசு, மாத்தறைக்கும் அதே காசு. கொழும்பில் இருப்பவர் கொழும்புக்குள் விற்கிறார், மாதம் ஆயிரம் பாசல் அனுப்புகிறார், கூரியர் கம்பனியே அவரைத் தேடி வந்து விலையைக் குறைத்து ஒப்பந்தம் போடுகிறது. நான் கிழமைக்கு ஏழெட்டுப் பாசல் அனுப்புகிறேன். கவுண்டரில் எழுதியிருக்கிற முழு விலை எனக்கு. 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறோம் என்பதற்காக நாங்கள் விற்கவே கூடாதா? இந்தத் தூரத்தை இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று அந்த ஒரே விலை மட்டும்தான்.

தபாலில் எனக்குக் கவலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்ட்டில் வேலைநிறுத்தம் வந்து ஒரு கிழமை எல்லாம் நின்றது. பனையோலை பழுதாகாது, நான் தப்பினேன். கிண்ணியாவில் மஸ்கட் என்ற இனிப்பைச் செய்து அனுப்புகிற ஒரு தங்கச்சி பாவம், வாங்கியவர்களுக்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளிநாட்டுக் கதை தனி. டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு நீத்துப்பெட்டி என்றால் உயிர். ஆனால் ஒரு நாட்டுத் தபால் இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கிற காசு ரூபாவில் இல்லை. 2022இல் டொலர் 200இல் இருந்து 360ஐத் தாண்டியதும் அந்தப் பாரம் எங்கள் தலையில் வந்து விழுந்தது. அதோடு 2025 ஆகஸ்ட் 29இல் இருந்து அமெரிக்கா, 800 டொலருக்குள் வருகிற பாசல்களுக்கு இருந்த தீர்வைச் சலுகையையும் நிறுத்திவிட்டது. பல நாடுகளின் தபால் சேவைகள் அந்த நாட்களில் அங்கே பாசல் எடுப்பதையே நிறுத்தி வைத்தன. என்னிடம் இருந்த இரண்டு அமெரிக்க ஆர்டரையும் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என்னை உண்மையில் எழுத வைத்தது இதுதான். நான் பாவிக்கிற ஒரு கூரியர் (பெயர் வேண்டாம்) போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியது. நாளையில் இருந்து முதல் கிலோவுக்கு 50 ரூபா கூட என்று அதில் இருந்தது. அந்த நேரம் பழைய கூலியைச் சொல்லி, காசும் வாங்கி, நான் கட்டி வைத்திருந்த பாசல்கள் பதினான்கு. வாங்கியவர்களிடம் திரும்பப் போய் இன்னும் 50 ரூபா தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. 700 ரூபா என் கையால் போட்டேன். பன்னிரண்டு நீத்துப்பெட்டி விற்றால்தான் அந்தக் காசு எனக்குத் திரும்பி வரும். தபால் கட்டணத்துக்காவது வர்த்தமானி வருகிறது, பத்திரிகையில் போடுகிறார்கள். தனியார் கூரியருக்கு ஒரு படம் போதும்.

ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். எவ்வளவு கூட்டினாலும் அதைச் செய்யுங்கள். நாங்கள் விலையை மாற்றிக்கொள்வோம், வாடிக்கையாளருக்குச் சொல்லி வைப்போம், இருக்கிற ஆர்டரை முடிப்போம். தபால் திணைக்களத்திடம் எனக்கு இன்னொரு வேண்டுகோள் இருக்கிறது. அரைக் கிலோவுக்குள் வருகிற கைவேலைச் சாமானுக்கு என்று ஒரு சின்னப் பாசல் விலை வையுங்கள். பாசல் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்க வசதியும் அதோடு சேரட்டும். கடிதம் குறைகிறது, நட்டம் வருகிறது என்கிறீர்கள். பாசல் கூடுகிறதே. அதைக் கொண்டுவர ஊர் ஊராக நாங்கள் இருக்கிறோம். தினமும் நான் பார்க்கிற கவுண்டரில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் டேப் சுற்றிய பெட்டியோடு நிற்கிற பெண்கள்தான்.

வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சி.ஓ.டி. (சாமான் கைக்கு வந்ததும் காசு கொடுக்கிற முறை) போட்டால், டெலிவரிப் பையன் அழைக்கும்போது போனை எடுங்கள். தெரியாத நம்பர் என்று விட்டால் பாசல் திரும்பி உவர்மலைக்கு வருகிறது. போன கூலியும் வந்த கூலியும் என்னிடம்தான் வாங்குகிறார்கள். வேண்டாம் என்று மனம் மாறினால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், நான் கோபிக்க மாட்டேன். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே ஒபிசில் இருக்கிறவர்கள் சேர்ந்து ஆர்டர் போட்டால் கூலியைப் பிரித்துக்கொள்ளலாம். ஹட்டன் டீச்சர், நீங்கள் இதைப் படித்தால், உங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்னும் இரண்டு பேருக்கு நீத்துப்பெட்டி வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.