பெரட்டுக்களத்துலேர்ந்து போன படை

வணக்கம். கற்பனை நாட்டு ராணுவத்துக்கு ரெஜிமெண்ட், கொடி, சல்யூட் எல்லாம் எப்படி அமைக்கலாம்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப பிடிச்சிருந்துச்சு, ஆனா உதாரணம் எல்லாம் ஐரோப்பாவுலேர்ந்தே எடுத்திருக்கீங்களே, அதான் மனசு கேக்கல.

நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க. இந்திய தேசிய ராணுவத்தை பாருங்க. கையில நாடே இல்லாதப்ப, 1943-ல நேதாஜி வந்து மலாயா, சிங்கப்பூர் ஜனங்களையும் சேர்த்து பெருசாக்குன படை அது. காலையில பெரட்டுல, அதாவது தோட்டத்து ஆள்கணக்கு எடுக்கற இடத்துல நின்னு பேர் குடுத்துட்டு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போன ஆளுங்க துப்பாக்கியோட அணிவகுப்புல நின்னாங்க. பிரிகேடுக்கு காந்தி, நேரு, ஆசாத்னு பேரு, பாயும் புலி சின்னம், பார்த்தா ஜெய் ஹிந்த். இதெல்லாத்தையும் விட எனக்கு பெருசா படறது சாப்பாடுதான். பிரிட்டிஷ் இந்திய பட்டாளத்துல மதம், ஜாதின்னு தனித்தனி அடுப்பு இருந்துச்சு, இங்க எல்லாருக்கும் ஒரே பந்தி. லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல தண்ணி எடுக்கறதுக்கே ஜாதி பார்த்த காலத்துல இது சும்மா விஷயமா சொல்லுங்க!

அப்புறம் அதே ராணுவத்துல பெண்களுக்குன்னே இருந்த ஜான்சி ராணி படை. கேப்டன் லட்சுமி தலைமை. அவங்களுக்கு அடுத்த நிலையில இருந்தவங்க நம்ம கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பன், பதினெட்டு வயசுப் புள்ள, நேதாஜி பேச்சக் கேட்டு போட்டிருந்த நகைய கழட்டிக் குடுத்துட்டு சேர்ந்தவங்க.

உங்க அடுத்த பகுதியில அந்த கற்பனை நாட்டுப் படைக்கும் ஒரு பெண்கள் ரெஜிமெண்ட் வைங்க சார், தோட்டத்துப் புள்ளைங்களா இருக்கட்டும்.