லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஆற்றில் இறங்கிய பையன்

இடுப்பளவு வெள்ளத்தில் குழந்தையைத் தூக்கி வரும் ராணுவ வீரர் படத்தை நாம் எல்லோருமே பகிர்ந்திருப்போம். நானும் பகிர்ந்திருக்கிறேன். தென் கொரியாவில் நடந்த ஒரு சாவைப் பற்றிப் படித்த பிறகு, அப்படி ஒரு படம் வந்தால் என் கண் முதலில் தேடுவது அந்த வீரர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறாரா என்பதைத்தான்.

2023 ஜூலையில் அங்கே வடக்கு கியோங்சாங் மாகாணத்தில் பேய்மழை. யெச்சோன் பக்கம் மலை சரிந்து வீடுகள் மண்ணோடு போயின, பலரைக் காணவில்லை. தேடுவதற்கு போஹாங்கில் இருந்து மரைன் படையின் (கடலிலிருந்து கரையேறித் தாக்கும் படை) 1வது டிவிஷன் வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பால் மணம் மாறாத பையன்கள். அந்த நாட்டில் ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். நான் படித்த அந்தச் சாவு அவர்களில் ஒருவனுடையது. சே என்ற அந்த 20 வயதுப் பையன் மரைனில் சேர்ந்து நான்கு மாதம்கூட முடியவில்லை.

19ஆம் தேதி காலை, நெசோங்சோன் ஆறு. சிவப்பு டி-ஷர்ட், காலில் ரப்பர் பூட்ஸ். லைஃப் ஜாக்கெட் கிடையாது. வரிசையாக நின்று தண்ணீருக்குள் நடந்தபடியே உடல்களைத் தேடினார்கள். மணல் ஆற்றின் குணம் ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நிற்கிற இடத்தில் முழங்கால் ஆழம்தான் இருக்கும், ஓரடி தள்ளிக் கால் வைத்தால் ஆளையே விழுங்கும். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் கால் கல்லாகக் கனக்கும். காலை 9 மணி வாக்கில் காலடி மணல் சரிந்து சில பேரை வெள்ளம் இழுத்தது. மற்றவர்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். இந்தப் பையனை அன்றிரவு 11 மணிக்கு மேல்தான் சடலமாக மீட்டார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. முந்தின நாள் அதே ஆற்றில் இறங்கிய மரைன் கவச வாகனங்கள், இழுப்பு தாங்காமல் கொஞ்ச நேரத்திலேயே கரைக்குத் திரும்பியிருந்தன. வண்டி நிற்க முடியாத தண்ணீரில் மறுநாள் பிள்ளைகளை இறக்கியிருக்கிறார்கள்.

"ஆபத்தான வேலைதானே, தெரிந்துதானே சேர்ந்தான்" என்று சொல்பவர்களோடு எனக்குக் கடுமையான சண்டை உண்டு. பயிற்சி முகாமில் ஒரு பையனுக்கு முதலில் பழக்குவதே கேள்வி கேட்காமல் கட்டளைக்குக் கீழ்ப்படிவதைத்தான். தூக்கம், பசி, குளிர் எல்லாவற்றையும் தாங்க வைத்து, 'முடியாது' என்ற சொல்லையே அவன் வாயிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். போருக்கு அது தேவையாக இருக்கலாம், சரி. அப்படிப் பழக்கிய பிள்ளையை ஆற்றங்கரையில் நிறுத்தினால், 'இந்தத் தண்ணீரில் இறங்காதே' என்று சொல்ல வேண்டியவர் மேலே இருக்கும் அதிகாரிதான். அவனால் சொல்ல முடியாது.

அவனுடைய அப்பா ஒரு தீயணைப்பு வீரர். அடுத்தவர் பிள்ளையைக் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்டவர். லைஃப் ஜாக்கெட் என்ன அவ்வளவு விலையா, ஏன் போட்டுவிடவில்லை என்று அவர் கதறினார். ஒரே மகன்.

அப்புறம் நடந்தது இன்னும் கொடுமை. யார் பொறுப்பு என்று விசாரித்த மரைன் கர்னல் பார்க் ஜங்-ஹுன் மீதே, மேலிடத்து உத்தரவை மீறினார் என்று வழக்குப் போட்டார்கள். ராணுவ நீதிமன்றம் அவரை விடுவிக்க 2025 ஜனவரி ஆகிவிட்டது. சிறப்பு விசாரணை கேட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அப்போதைய அதிபர் யூன் சுக்-யோல் மூன்று முறை திருப்பி அனுப்பினார். ஆட்சி மாறிய பிறகுதான் அந்த விசாரணையே தொடங்கியது. ஒரு ஜாக்கெட் ஏன் இல்லை என்று கேட்டதற்கு இத்தனை வருடம்!

2024 செப்டம்பரில் அவனோடு சேர்ந்த பையன்கள் சேவை முடித்து வீடு திரும்பினார்கள். அந்தச் சமயத்தில் அவன் அம்மா மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உன்னோடு சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் கிடைக்கிற இந்தச் சின்ன சந்தோஷம்கூட நமக்கு இல்லாமல் போயிற்றே என்று அதில் எழுதியிருந்தார்.