கசால்ஸ் வாசிக்க மறுத்த ஆண்டுகள்

கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான், வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய தந்தி வாத்தியமான செல்லோவில் மேதையான பாப்லோ கசால்ஸைப் பற்றித்தான் பேசுவேன்.

அவர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1890-லேயே நின்றுவிடுகிறார்கள். 13 வயதுச் சிறுவன் பார்சிலோனாவின் பழைய இசைத்தாள் கடையொன்றில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் தனிச் செல்லோ படைப்புகளைக் கண்டெடுத்த கதை அது. அதன் பிறகு 12 ஆண்டுகள் சாதகம் செய்துதான் அவற்றை மேடையேற்றினார் என்பதைப் பலர் சொல்வதில்லை. அன்றைய செல்லோ மாணவர்கள் வில் பிடித்த கையின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கி, அது விழாமல் வாசிக்கப் பழக வேண்டும். கசால்ஸ் அந்தக் கட்டுப்பாட்டை உதறினார். முழங்கையை விடுவித்தார், இடது கை விரல்களை அகல விரித்து, தந்தியில் கை வழுக்கி ஓடும் தேவையைக் குறைத்தார். இன்று செல்லோ கற்கும் எவருக்கும் இது இயல்பாகத் தெரிகிறதென்றால் காரணம் அவர்.

சம்பாதித்த பணத்தைப் போட்டு 1920-இல் பார்சிலோனாவில் ஓர் ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். 1926-இல் தொழிலாளர்கள் குறைந்த சந்தாவில் இசை கேட்க ஒரு சங்கமும் உருவானது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி ஃபிராங்கோ வென்றபோது இவையெல்லாம் போயின. அவர் பிரான்சின் பிராட் என்ற சிற்றூரில் அகதியானார். அவருக்கு அரசியல் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா என்ன? அவருடைய ஆர்கெஸ்ட்ராவையே அல்லவா அது பறித்தது!

1945-இல் இங்கிலாந்து அவரைக் கொண்டாடியது. ஆனால் உலகப் போரில் வென்ற நேச நாடுகள் ஃபிராங்கோவை அகற்றப் போவதில்லை என்று தெரிந்ததும், அந்த ஆட்சியை ஏற்கும் நாடுகளில் வாசிக்க மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார். புகழின் உச்சியில் இருப்பவர் மேடையை விடுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! 1950-இல், பாக் மறைந்து 200 ஆண்டுகள் ஆனபோது, அவர் வராததால் உலகின் இசைக்கலைஞர்களே பிராடுக்குப் போய் அவரோடு வாசித்தார்கள்.

1961-இல் கென்னடிக்காக வெள்ளை மாளிகையில் வாசித்தாரே என்று கேட்கலாம். எனக்கும் அது முழுச் சம்மதமில்லை. 1953-இல் ராணுவத் தளங்களுக்காக ஃபிராங்கோவோடு ஒப்பந்தம் போட்ட நாடு அமெரிக்கா. ஆனால் அந்த ஒரு மாலையைக் காட்டி மற்ற ஆண்டுகளைத் தள்ளுபடி செய்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். 1973-இல், ஃபிராங்கோவுக்கு 2 ஆண்டுகள் முன்பாக, 96 வயதில் கசால்ஸ் இறந்தார். அந்த ஆட்சி நடந்த ஸ்பெயினில் அவர் ஒருமுறைகூட மேடை ஏறவில்லை.