எம்.ஆர்.பி.க்கு விற்பது கொள்ளையா?

‘குன்னூரில் சூப்பர் மார்க்கெட் வந்த பிறகுதான் மளிகைக் கடைக்காரர்கள் அடித்த கொள்ளை தெரிகிறது, சோப்புத்தூளை எம்.ஆர்.பி.க்கே விற்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விலை வித்தியாசம் இருக்கிறது, சரி. கொள்ளை என்பதுதான் தவறு. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்றால்தான் சட்டப்படி குற்றம். பல ஊரில் கிளை வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட்காரர்கள் மொத்தமாகக் கம்பெனியிடமே எடுக்கிறார்கள். தள்ளுபடி கிடைக்கும்; சரக்கைக் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கத் தனிக் காசும் வரும். நம் கடைக்காரருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வேனில் வந்து இறங்குவது ஒன்றிரண்டு பெட்டி. அந்தச் சின்ன மார்ஜினுக்குள்தான் கடனும் அடக்கம். தேயிலை விவசாயி கொடுத்த பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி பணம் போடும் வரை அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பற்று நோட்டில் ஏறும், வட்டி இல்லாமல். சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் ‘அடுத்த மாசம் தர்றேன்’ என்று சொல்லிப் பாருங்களேன்!

அப்புறம், சூப்பர் மார்க்கெட் வந்ததால் காய்கறியில் இடைத்தரகரே இல்லாமல் போய்விட்டார் என்று நீங்கள் சொல்வதும் சரியில்லை. நம் மலைக் கேரட்டில் பெரும்பகுதி இன்றும் மேட்டுப்பாளையம் மண்டியில்தான் விலை போகிறது. விவசாயி கையிலிருந்தே வாங்க வேண்டுமென்றால் குன்னூரிலேயே உழவர் சந்தை இருக்கிறது, காலையில் போங்கள்.