டேன் பர்ன் விஷயமாக, மறுபடியும்

நேற்று ராத்திரி குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "கிளப் கிளப்பாகச் சுற்றிய ஆள், ஒரு கோல் அடித்ததும் இங்கிலாந்து ஜெர்சியா" என்று நியூகாசில் தடுப்பாட்டக்காரர் டேன் பர்னைப் பற்றி ஒரு அறிவாளி எழுத, அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள்.

ஐயா, இங்கிலாந்து மேனேஜர் துகேல் இவர் பெயரோடு அணியை அறிவித்தது 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. வெம்ப்ளி மைதானத்தில், லீக் கோப்பை ஃபைனலில், லிவர்பூலுக்கு எதிராக இவர் அடித்த அந்த ஹெடர் கோல் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலண்டர் பார்க்கத் தெரிந்தால் போதும், கால்பந்து அறிவுகூட வேண்டாம்.

சரி, சுற்றினார்தான். 11 வயதில் சொந்த ஊர்ப் பக்கத்து நியூகாசிலே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி அடுக்கினார். டார்லிங்டன், ஃபுல்ஹாம், லோனில் (தற்காலிகமாகக் கடன் கொடுத்து) யோவில், லோனில் பர்மிங்காம், விகன், பிரைட்டன், 2022 ஜனவரியில்தான் மறுபடி நியூகாசில். இதில் எந்த இடத்தில் கேவலம் இருக்கிறது? ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒரு மேனேஜர் பார்த்து, இவன் வேண்டும் என்று கூப்பிட்டதால்தானே போனார்? அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு: 2013இல் யோவில், மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே ஆஃப் ஃபைனலை ஜெயித்ததும் வெம்ப்ளியில்தான், அதிலும் ஒரு கோல் இவருடையது. ஒரே மைதானத்தில் பன்னிரண்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும் அதிர்ஷ்டம் எனக்கும் கொஞ்சம் வேண்டும்.

வேகம் பத்தாது என்பீர்கள். பத்தாதுதான், அப்புறம்? நியூகாசில் ரசிகன் என்பீர்கள். நான் ஆர்சனல் ஆள், அதே லீக் கோப்பையின் அரையிறுதியில் இரண்டு ஆட்டத்திலும் 2-0 என்று எங்களைத் துவைத்தவர்கள் இவர்கள். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

அந்தக் கோலை இன்னொரு முறை பாருங்கள். சக ஆட்டக்காரர் டிரிப்பியர் கார்னர் அடிக்கும்போது, எல்லோரும் கோல் வாசலில் முட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பின்னால், பெனால்டி புள்ளிப் பக்கம் நிற்கிறார். ஆறடி ஏழங்குல ஆளைப் பிடிக்க லிவர்பூலின் மாக் அலிஸ்டர், பாவம். அவ்வளவு தூரத்திலிருந்து தலையால் முட்டி மூலைக்கு அனுப்புவது சும்மா வராது. சின்னச் சின்ன ஊர்களில், யாரும் பார்க்காத மைதானங்களில் எத்தனை கார்னருக்கு ஓடியிருப்பார் என்று யோசித்தீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு சுருக்கென்று தைக்கிறது? போன வருடம் ஒரு இன்டர்வியூ. எதிரில் இருந்தவர் என் ரெஸ்யூமில் இருந்த கம்பெனிப் பெயர்களைப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்து, "எங்கேயும் நிலைக்க மாட்டீங்க போலிருக்கே" என்று சிரித்தார். அதில் ஒன்று இழுத்து மூடப்பட்ட கம்பெனி, இன்னொன்றில் எங்கள் டீமையே கலைத்தார்கள். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து வருடம் ஒரே நாற்காலியைத் தேய்த்தவன் விசுவாசி, நாலு இடத்தில் முட்டி மோதி வேலை கற்றவன் ஓடுகாலி, அப்படித்தானே?

"கால்பந்துக்குள் சொந்தக் கதையை ஏன் இழுக்கிறாய்" என்று கேட்கத்தான் போகிறீர்கள். இழுப்பேன், இது என் பக்கம். அங்கே எமோஜி போட்டவர்களில் நாலு பேர் என்னோடு வேலை பார்த்தவர்கள், என் ரெஸ்யூம் அவர்களுக்குத் தெரியும்.